ஆகாச மாலை

போன வாரம் காசியம்மாளை அழவிட்டுவிட்டு முற்றும் போட்ட மாதிரி எழுந்து போய்விட்டேன் என்று என்னைத் திட்டியவர்கள் நிறைய. கவலைப்படாதீர்கள். காசியம்மாள் அழும்போதும் கை நிற்காத ரகம். மூக்கைச் சிந்திக்கொண்டே தறியில் பட்டுப்புடவை முந்தானையைப் பாதிக்கு மேல் நெய்துவிட்டாள்.

அவள் அழுதது ஒரு தடை உத்தரவுக்காக. மகன் ஜீவானந்தத்துக்கு நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. டாக்டர்கள் கையை விரித்த அன்று, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து, முள்ளிப்பட்டு மாரியம்மனிடம் செடல் போடுவதாக வேண்டிக்கொண்டாள் காசியம்மாள். செடல் என்றால் முதுகுத் தோலில் கொக்கி மாட்டி, கிரேனில் தொங்கி, ஆகாசத்தில் மிதந்து வந்து அம்மன் கழுத்தில் மாலை போடுவது. பையன் பிழைத்தான். அந்த மஞ்சள் முடிச்சு இன்றைக்கும் தறிக்கம்பத்தில் தொங்குகிறது. இப்போது ஜீவாவுக்குப் பெண் பார்க்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால், இந்த ஆடியிலேயே, வேண்டுதலை முடித்துவிட வேண்டும் என்று அவள் துடிக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து, போன வருஷம் பக்கத்து ஊரில் கிரேன் கயிறு அறுந்து ஒருவருக்கு இடுப்பு முறிந்ததைக் காரணம் காட்டி, வருவாய்க் கோட்ட ஆர்.டி.ஓ. செடலுக்கே தடை போட்டுவிட்டார். அதை எதிர்த்து ஊருக்காக மனு போட்டிருப்பது யார்? காசியம்மாளின் மூத்த மகள், ஆரணி கோர்ட்டு வக்கீல் எழிலரசி. சாமி கும்பிடாதவள்!

இன்றைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரணை. நாளைக் காலையில் செடல் போடுகிறவர்களுக்குக் கோயிலில் காப்புக் கட்ட வேண்டும். இன்று விட்டால் அடுத்த ஆடிதான்.

*

"கறுப்புக் கோட்டைப் போட்டுகினு கற்காலத்துக்கு வக்காலத்து வாங்கப் போறா பாரு என் பொண்ணு" என்றார் அருணாச்சலம்.

அவர் எழிலரசியின் அப்பா. நெசவாளர் சங்கத்தில் கொடி பிடித்தே தலை நரைத்தவர். பிள்ளைகளுக்குப் பெயர் வைத்ததில்கூட ஒரு சாமியையும் கிட்டே சேர்க்கவில்லை.

எழிலரசி இட்லியை விழுங்கிக்கொண்டே திரும்பினாள். "நைனா, காத்தாலயே ஆரம்பிக்காத. நான் கொக்கிக்கு வக்காலத்து வாங்கல. ஆளுக்கு வாங்கறேன். அவங்க உடம்பு, அவங்க இஷ்டம்."

"இஷ்டமா? ஒரு காலத்துல புருசன் சிதையில ஏறினவளுங்களையும் இஷ்டப்பட்டு ஏறினாங்கன்னுதான் சொன்னானுங்க. சட்டம் வந்துதானே நின்னுது?"

"அவளை ஏத்தினது மத்தவங்க. அவ இஷ்டம்னு நீயே சொல்ல மாட்ட. இது அப்பிடியா? வயசு வந்தவன், வேலைக்குப் போறவன், ஓட்டுப் போடறவன். அவனா வந்து முதுகைக் காட்டறான்."

"ஊரே கொட்டு மேளம் கட்டி நிக்கும்போது எவன் மாட்டேன்னு சொல்வான்? நல்லா பேசற போ!"

தறிக்குழியிலிருந்து காசியம்மாளின் குரல் வந்தது. "ஏங்க, போற பொண்ணை பேஜார் பண்ணாதீங்க. எழிலு, நீ ஜல்தி கெளம்பு. நானும் வரேன். மாரியாத்தா ஆபீசருக்கு நல்ல புத்தி குடுப்பா."

ஜீவானந்தம் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆரணியில் ஒரு பட்டுக் கடைக்குக் கம்ப்யூட்டரில் புட்டா, பார்டர் எல்லாம் டிசைன் போட்டுக் கொடுக்கிற வேலை. அவன் வரைகிற மயில் ஒவ்வொன்றும் தோகையை விரித்துக்கொண்டு நிற்கும். அவன் மட்டும் வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் தோகையைச் சுருட்டிக்கொள்வான்.

அப்பா வாசலுக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டான். "நைனா, அந்தத் தடை நிக்குமா?"

"உங்க அக்கா வாய்க்கு முன்னால நிக்குமா? ஏன் கேக்கற?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான்."

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

*

ஆர்.டி.ஓ. கண்ணகி சத்தமே போடாமல் பேசுகிற ஆள். அப்படிப்பட்டவர்களிடம்தான் வக்கீல்கள் உஷாராக இருக்க வேண்டும்.

அறை நிறைய முள்ளிப்பட்டு ஆட்கள். செடல் போடப் பெயர் கொடுத்தவர்கள், அவர்களுடைய அம்மா, அப்பா, மாமன், மச்சான். எல்லோருக்கும் முன்னால் தர்மகர்த்தா சடையப்பன் திருநீறும் வேர்வையுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தருக்கு இடுப்பு போயிருக்கு. இன்னொரு உயிர் போற வரைக்கும் நான் கையைக் கட்டிக்கிட்டு இருக்கணுமா?" என்று ஆரம்பித்தார் கண்ணகி.

எழிலரசி எழுந்தாள். "மேடம், இடுப்பு போனது கிரேனால. லாரி தூக்கற பழைய வண்டியைக் கொண்டாந்து ஆளைத் தொங்க விட்டாங்க. கிரேனுக்கு எவ்ளோ சட்டம் வேணும்னாலும் போடுங்க, நானே கைதட்டறேன். பஸ்ஸு கவுந்துச்சுன்னு கண்ணமங்கலம் ரோட்டையா மூடுவீங்க?"

பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். கண்ணகி நிமிர்ந்து பார்த்ததும் விசில் நின்றது.

"நீங்க பக்தையா?"

"இல்ல மேடம். எங்க வீட்டுல எங்க அம்மாவைத் தவிர யாரும் கோயில் வாசலை மிதிக்கிறதில்ல."

"பின்ன ஏன் இவ்ளோ வேகம்?"

"நான் கும்பிடாம இருக்கறது என் உரிமைன்னா, இவங்க கும்பிடறது இவங்க உரிமை. உடம்பு பூரா பச்சை குத்திக்கிறவனை யாரும் கேக்கறதில்ல. மலை ஏறப் போயி கால் விரலை இழந்துட்டு வந்தா மேடை போட்டு பொன்னாடை போத்தறோம். முதுகுல கொக்கி மாட்டினா மட்டும் சர்க்காருக்கு வலிக்குதா?"

அம்மாவின் முகம் பூரித்துப் போனது. பக்கத்தில் இருந்தவளிடம், "என் பொண்ணு" என்றாள். பக்கத்தில் இருந்தவளுக்கும் அது தெரியும்.

கண்ணகி பேனாவை மூடி வைத்தார். "நல்லாத்தான் பேசறீங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. வேண்டுதல் வந்த பிறகு 'எனக்கு வேணாம்'னு சொன்னவர் ஒருத்தரை உங்க ஊர்ல காட்டுங்க பாக்கலாம். இருக்காரா?"

எழிலரசி சடையப்பனைப் பார்த்தாள். சடையப்பன் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"மாட்டேன்னு சொல்ல வழி இல்லாத இடத்துல சரின்னு சொல்றதுக்கு என்ன மதிப்பு?" என்றார் கண்ணகி. "அந்த வழியைக் காட்டுங்க. தடையை எடுத்துடறேன்."

அப்பா காலையில் சொன்னதையேதான் இந்த அம்மாளும் சொல்கிறார். ஆனால் எழிலரசி அசருகிற ஆளா?

"அப்போ ஒண்டியா கேளுங்க மேடம். அம்மா, அப்பா, தர்மகர்த்தா, நான், யாரும் வேணாம். கதவைச் சாத்திட்டு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு நீங்களே கேளுங்க. வேணாம்னு சொன்னா விட்டுடுங்க. வேணும்னு சொன்னா தடுக்காதீங்க."

 கண்ணகி சிரித்தார். அந்த ஆபீசில் அது அதிசயம் என்று டவாலி பிற்பாடு சொன்னாராம்.

"சரி. புது கிரேன், அதுக்குச் சான்றிதழ், பக்கத்துல ஆம்புலன்ஸ், டாக்டர் பரிசோதனை. பதினெட்டு வயசு முடிஞ்சவங்க, ஆணோ பெண்ணோ, யாரா இருந்தாலும் என்கிட்ட ஒண்டியா பேசிட்டுத்தான் காப்புக் கட்டணும். நாளைக் காலையிலும் ஒரு மணி நேரம் இருப்பேன். விட்டுப்போனவங்க வரலாம். தடையை எடுத்துக்கிறேன்."

அறையே ஆர்ப்பரித்தது. சடையப்பன் எழிலரசியின் தலையில் திருநீற்றைப் போட வந்தார். அவள் குனிந்து தப்பித்துக்கொண்டாள்.

காசியம்மாள் மகளின் முழங்கையைப் பிடித்தாள். "ஏ எழிலு, பொம்பளைங்களும் போடலாம்னா சொன்னாங்க?"

"ஆமாம்மா. சட்டத்துல என்ன ஆம்பளை, பொம்பளை?"

"ஓகோ" என்றாள் காசியம்மாள்.

*

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பிரஷர் பார்த்ததும் ஜீவானந்தத்தை உள்ளே கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள்.

"உக்காருங்க. உங்க அக்கா பிரமாதமா பேசினாங்க. இப்ப நீங்க சொல்லுங்க. செடல் போட உங்களுக்கு இஷ்டமா?"

விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைப் பற்றி அவனிடம் கேட்காதவர்கள் இல்லை. எந்த வருஷம் போடப் போற? விரதம் தாங்குவியா? மாலை ரோஜாவா, சாமந்தியா? எல்லாம் கேட்டார்கள். இஷ்டமா என்று கேட்ட முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

வாய் தானாகத் திறந்தது. "வேணாம் மேடம்."

சொன்னதும் காது இரண்டும் சூடாகிவிட்டன. வெளியே கேட்டிருக்குமோ என்று கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"பயமா?"

"பயமும் கீது. மொட்டை மாடியில நின்னாலே எனக்கு தலை சுத்தும். ஆனா அது மட்டும் இல்ல மேடம். போடறவங்க கண்ணைப் பாத்திருக்கேன். அவங்களுக்கு அங்க ஏதோ தெரியுது. எனக்கு ஒண்ணும் தெரியல. எங்க அம்மா மேலதான் எனக்குப் பிரியம். அதுக்காகத் தொங்கினா அது அம்மனுக்குப் பண்ற மோசம் இல்லீங்களா?"

கண்ணகி தலையை ஆட்டினார். "வீட்ல சண்டை வருமா?"

"சண்டை போட மாட்டாங்க. அழுவாங்க. அதுதான் தாங்காது."

"பிரஷர் ஜாஸ்தி, டாக்டர் ஒத்துக்கலைன்னு நானே சொல்லிடறேன். உங்க மேல பழி வராது."

ஜீவாவுக்கு அந்த அம்மாளின் காலில் விழலாம் போல இருந்தது.

*

"பிரஷரா?" காசியம்மாளின் முகம் தொங்கிவிட்டது. ஆனால் அவள் விழுந்த வேகத்தில் எழுகிறவள். "போவட்டும் வுடு. கீரை, மோர்னு குடுத்து அடுத்த ஆடிக்குள்ள கொறச்சிடறேன். பொண்ணு பாக்கறதையும் ஒரு வருசம் தள்ளி வெச்சிக்கலாம். அடுத்த வருசமும் கொறையலைன்னா அதுக்கு அடுத்த வருசம். ஆத்தா எங்க போயிடப் போறா?"

ஜீவா கண்ணை மூடினான். ஆடி, அதற்கப்புறம் ஒரு ஆடி, அதற்கப்புறமும் ஒரு ஆடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாதியை எங்கே போய்த் தேடுவது?

எழிலரசிக்கோ ரத்தம் கொதித்தது. "இவ்ளோ சின்ன வயசுப் பையனுக்கு என்ன பிரஷர்? இது குறுக்கு வழி! முன்வாசலைத் திறந்துட்டு பின்னால பூட்டறாங்க. வேற டாக்டரைக் கூட்டிகினு வரேன். இப்பவே உள்ள போயி கேக்கறேன்!"

அவள் கதவில் கை வைத்துவிட்டாள்.

"அக்கா, நில்லு!"

அவன் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. எழிலரசி கையை எடுத்தாள்.

"பிரஷரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

வராந்தாவில் இருந்த மற்றவர்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். காதை மட்டும் யாரும் திருப்பவில்லை.

"என்னடா சொல்ற?" என்றாள் எழிலரசி. "உனக்காகத்தானே இவ்ளோ நாளா நான்..."

"ஊருல ஒவ்வொருத்தன் ஊட்டுக்கும் போயி கையெழுத்து வாங்கினியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியாக்கா? ஒண்டியா கேளுங்கன்னு ஆபீசருக்கு சொல்லிக் குடுத்தியே, அதை நீ ஊட்லயே கேட்டிருக்கலாம் இல்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. கேட்கவில்லைதான். தம்பிதானே, சரியென்றுதான் சொல்வான் என்று அவளும்தான் நினைத்துவிட்டாள்.

"தடை நிக்கணும்னு நான் காத்தாலேர்ந்து வேண்டிகினு இருந்தேன்" என்றான் ஜீவா.

"நீயா? யாரை வேண்டிகினே?"

ஜீவா அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தான். "வேற யாரைத் தெரியும் எனக்கு? அதே மாரியம்மனைத்தான்."

எழிலரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

காசியம்மாள் அழவில்லை. திட்டவுமில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். பைக்கில் கூப்பிட்ட மகனையும், ஆட்டோ பிடிக்க ஓடிய மகளையும் தாண்டிப் போனாள்.  பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முள்ளிப்பட்டு வரும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

*

விளக்கு வைக்கிற நேரம். அருணாச்சலத்துக்கு விஷயம் தெரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்படிப் போடு! என் புள்ள! சட்டம் பண்ண வேண்டியதை அவனே பண்ணிட்டான்."

"நைனா, கொஞ்சம் சும்மா கீறியா?" என்று சீறினாள் எழிலரசி. "தடை இருந்திருந்தா இவன் வாயே தொறந்திருக்க மாட்டான். தடைக்குப் பின்னால ஒளிஞ்சிகினே கெழவன் ஆயிருப்பான். தடை போனதாலதான் வேணாம்னு சொன்னான். அதைப் பாரு."

சொல்லும்போதே அவளுக்குத் தெம்பு வந்தது. தோற்ற மாதிரி இருந்த வழக்கு ஜெயித்த வழக்காகிவிட்டது. தம்பியின் தோளைத் தட்டினாள். "என்னை மன்னிச்சிடுடா. நான் கேட்டிருக்கணும்." ஜீவா அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வேண்டும் என்பதும் அவன் உரிமை, வேண்டாம் என்பதும் அவன் உரிமை. எவ்வளவு அழகான நியாயம்!

காசியம்மாள் தறியில் உட்காரவில்லை. தறிக்கம்பத்தில் தொங்கிய மஞ்சள் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜீவா பக்கத்தில் போனான். "யம்மா, ஏதாவது பேசேன். என்னை ரெண்டு அடியாவது அடி."

"உன்னை ஏண்டா அடிக்கணும்?" என்றாள். குரல் கரகரத்திருந்தாலும் தெளிவாகத்தான் இருந்தது. "பஸ்ஸுல வரும்போது யோசிச்சிகினே வந்தேன். அன்னிக்கி ஆத்தா கிட்ட நான் என்ன வார்த்தை சொன்னேன்னு. உன்னை மடியில போட்டுகினு, 'தாயே, என் புள்ளைய குடுத்துடு, எங்க ஊட்லேர்ந்து ஒரு ஆளு ஆகாசத்துல வந்து உனக்கு மாலை போடும்'னு சொன்னேன். அவ்ளோதான். உன் பேரை நான் சொல்லவே இல்ல. நானாத்தான் இத்தினி வருசமா உன் முதுகைக் காட்டிகினு இருந்துட்டேன்."



"கேட்டவ நானு. வாங்கினவளும் நானு. தர வேண்டியது மட்டும் நீயா? அது எந்த ஊரு நாயம்?"

எட்டி அந்த மஞ்சள் முடிச்சை அவிழ்த்தாள். தன் முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்துகொண்டாள்.

"எழிலு, நாளைக்கு வெள்ளன எழுந்திரு. அந்த ஆபீசரம்மா ஒரு மணி நேரம்தான் இருப்பேன்னாங்க. என் பேரைக் குடுக்கணும். செடல் நான் போடறேன்."

"கூடாது!"

கத்தியது அருணாச்சலம் என்றுதானே நினைத்தீர்கள்? அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கத்திவிட்டாள் எழிலரசி.

"உனக்கு சக்கரை கீதும்மா! கால்ல முள்ளு குத்தினாலே உனக்கு ஆற மாட்டேங்குது. இந்த வயசுல முதுகுல கொக்கியா? விட மாட்டேன். அந்த ஆபீசரம்மா கிட்ட நானே போயி சொல்லி நிறுத்தறேன்!"

"சக்கரையை டாக்டர் பாத்துக்கட்டும். அதுக்குத்தானே டாக்டரு. அவர் வேணாம்னா ஆத்தா கிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஏண்டி நிறுத்தற?"

"ஏன்னா, நீ என் அம்மா!"

"அது எனக்கும் தெரியும்."

அருணாச்சலம் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலையில் இருந்த கிண்டல் இப்போது அவர் குரலில் இல்லை. பயம்தான் இருந்தது. "எழிலு, ஏதாவது சட்டம் இருந்தா சொல்லு. உங்க அம்மாவை நிறுத்து."

எழிலரசி அப்பாவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் என்ன கேட்டாலும் நாக்கு நுனியில் பதில் வைத்திருப்பவள் அவள்.  ஆனால் இப்போது சொல்லப்போகிற ஒவ்வொரு வார்த்தையும் காலையில் அவளே அடித்து நொறுக்கிய வார்த்தை.

காசியம்மாள் மகளின் முகத்தைக் கையில் ஏந்தினாள். தறி நாடா பிடித்துக் காய்த்துப்போன கை.

"காத்தால எவ்ளோ அழகா பேசின! அவங்க உடம்பு, அவங்க இஷ்டம்னு. உன்னைப் பெத்ததுக்கு அப்பிடியே பூரிச்சிப் போயிட்டேன்." மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "ஏண்டி எழிலு, நான் மேஜர் இல்லியா?"